ஏரியும் ஏடும்

பனைமலைக் குன்றின் மேல் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் எழிலைப் போற்றுவோர் உண்டு. சுவரில் எஞ்சிய வண்ணத்தைத் தேடிச் சென்று ஆராய்வோர் உண்டு. மன்னனின் விருதுப் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிப்போரும் உண்டு. ஆனால் குன்றை அடுத்து விரிந்து கிடக்கிறதே ஏரி, அதன் வரலாற்றை ஆராய்ந்தோர் எத்தனை பேர்?

செஞ்சிப் பகுதியிலே, அனந்தபுரம் பேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் உழவனைக் கேளுங்கள். கற்றளியைப் பற்றி அவன் ஓரிரு சொல் கூறுவான். ஏரியைப் பற்றியோ ஒரு நாள் முழுதும் பேசுவான். கீரனூர் அணைக்கட்டில் துரிஞ்சலாற்று நீரைப் பெற்று, வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு, இறுதியில் பனைமலை ஏரிக்கு வந்து சேர வேண்டிய நந்தன் கால்வாயைப் பற்றிப் பேசுவான். வந்து சேர வேண்டியது எல்லா ஆண்டும் வந்து சேருவதில்லை என்பதையும் சொல்லுவான். சாத்தனூர் அணை நீரை அக்கால்வாயில் இணைக்க வேண்டும் என்று பல்லாண்டுகளாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த கதையையும் உரைப்பான்.

இவ்வளவும் அறிந்த அந்த உழவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் திகைப்பான். "ஐயா! இந்த ஏரி யாருக்குச் சொந்தம்? அதைக் காக்கும் கடமை யாருக்கு? காக்கத் தவறினால் யார் மீது, எங்கே, எப்படி வழக்குத் தொடுப்பது?"

அவன் அறியாமைக்கு அவன் காரணமல்லன். ஏரி அவன் கண்முன்னே இருக்கிறது; ஏரியைப் பற்றிய ஏடோ வட்டாட்சியர் அலுவலக அலமாரியில் இருக்கிறது. ஏரியிலே நீர் குறைந்தால் அவனுக்குத் தெரியும். ஏட்டிலே ஓர் எழுத்து மாறினால் அவனுக்குத் தெரியாது. நம் நாட்டு ஏரிகள் கரை உடைந்து அழிந்ததைவிட ஏட்டிலே எழுத்து மாறி அழிந்ததே மிகுதி என்று சொன்னால், அது மிகை போலத் தோன்றும். கடந்த 150 ஆண்டுச் சட்ட வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். மிகையா, உண்மையா என்பது விளங்கும்.

இங்கிலாந்து நாட்டிலே இலங்காசயர் பகுதியில் ஓர் ஆலை முதலாளி. ஆலைக்கு நீர் வேண்டி அவர் ஒரு தேக்கம் கட்டினார். அந்நீர் பூமிக்கடியில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுரங்கங்களின் வழியே புகுந்து, அண்டை அயலாரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. வழக்கு நடந்தது. 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தன் நிலத்திலே இயல்புக்கு மாறாக ஒரு பொருளைக் கொண்டுவந்து தேக்கி வைப்பவன், அது தப்பிச் சென்று பிறர்க்குத் தீங்கு விளைத்தால், தான் கவனக் குறைவாக இல்லாவிடினும் இழப்பீடு தந்தே தீர வேண்டும் என்பது தீர்ப்பு. ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் என்னும் அவ்வழக்கை இன்றும் சட்டக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் படிக்கின்றனர்.

அதே காலத்தில் நம் சென்னை மாகாணத்திலே, வட ஆர்க்காட்டைச் சேர்ந்த கார்வேட்டி நகர் ஜமீனில், பெருமழையால் ஏரிகள் உடைப்பெடுத்தன. பாய்ந்த வெள்ளம் சென்னை இரயில்வே கம்பெனியின் பாலங்களைச் சிதைத்தது. வெள்ளைக்காரக் கம்பெனி விடுமா? இங்கிலாந்துத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வழக்கு மன்றம் ஏறிற்று. "ஏரியில் நீரைத் தேக்கி வைத்தவர் ஜமீன்தார், நீர் தப்பி வந்து எங்கள் பாலத்தை அழித்தது, ஆகவே ஈடு கொடு" என்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது.

1874இல் கிடைத்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. ஏரி என்பது ஆலை முதலாளியின் தேக்கம் போன்றதன்று என்றனர் நீதிபதிகள். இந்நாட்டு ஏரிகள் மிகப் பழமையானவை. நாடு தழுவிய பாசன அமைப்பின் உறுப்புகள். பெருந்திரளான மக்களின் வாழ்வே அவற்றை நம்பி இருக்கிறது. அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் விருப்பமன்று, விலக்க முடியாத பொதுக் கடமை. கடமையைச் செய்தவரை, கவனக் குறைவு இல்லாதபோது, தண்டிக்க இயலாது என்று கூறிக் கம்பெனியின் வழக்கைத் தள்ளினர்.

ஏரி தனியுடைமையன்று, அது பொதுக் கடமையின் பொருள் என்பதை ஆங்கிலேயனின் உச்ச மன்றமே 1874இல் ஒப்புக்கொண்டுவிட்டது. சுற்றுச்சூழல் சட்டம் என்றொரு பாடம் உலகில் எந்தப் பல்கலைக் கழகத்திலும் தோன்றாத நாளில், அதன் விதை நம் ஏரிக்கரையிலே விழுந்துவிட்டது!

விதை விழுந்தது, முளைத்ததா? அந்தக் கருத்து பயன்பட்டது யாருக்கு? வழக்கிலே வென்றவர் ஜமீன்தார். "காக்கும் கடமை ஜமீன்தாருக்கு உண்டு" என்றது மன்றம், "ஜமீன்தார் காக்கத் தவறினால் குடியானவன் என்ன செய்வான்?" என்ற கேள்வி அங்கே எழவில்லை. இரயில் கம்பெனிக்கு வழக்கறிஞர் இருந்தனர், ஜமீன்தாருக்கும் இருந்தனர். ஏரி நீரால் பயிர் செய்தவன் அந்த வழக்கிலே கட்சிக்காரனே அல்லன்.

தென் ஆர்க்காட்டில் பெரும்பகுதி ரயத்துவாரி நிலம். அங்கே ஜமீன்தாரின் இடத்தில் அரசே அமர்ந்திருந்தது. ஏரி அரசுடையது, வரி அரசுக்கு உரியது. கரையைச் செப்பனிடும் உழைப்பு மட்டும் ஊராரின் பொறுப்பு. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டதும் பழமை விரும்பிகள் உருகிப் போவர். "ஆகா! ஊர் கூடித் தேர் இழுத்ததுபோல் ஊர் கூடி ஏரி காத்த பொற்காலம்!" என்பர்.

பொற்காலம் என்றால், 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற பெயரிலே ஒரு சட்டம் சென்னை மாகாணத்துக்கு ஏன் தேவைப்பட்டது? வெள்ளத் தடுப்புக்கும், வழக்கமான பாசன மராமத்துக்கும் மக்களை வலிந்து வேலை வாங்க அது வழி செய்தது. விரும்பிச் செய்த உழைப்பானால் வலியுறுத்தச் சட்டம் எதற்கு? மண் சுமந்தவன் யார், மடையிலே மூழ்கி அடைப்பைத் திறந்தவன் யார், இரவெல்லாம் கரையைக் காவல் காத்தவன் யார் என்று கேட்டால் பொற்காலத்தின் பூச்சு உதிர்ந்துவிடும். பல ஊர்களில் நீர் பாய்ச்சும் பணி தாழ்த்தப்பட்ட மக்களின் தலைமேல் இருந்தது. அவர்கள் திறந்துவிட்ட நீர் பிறர் வயலுக்குப் பாய்ந்தது. ஊர்ப் பொதுக் குளத்திலே அவர்கள் குடம் நனைத்தால் மட்டும் தீட்டு வந்துவிட்டது! ஏரியைக் காக்க அவன் கை வேண்டும். ஏரி நீரைத் தொட அந்தக் கை ஆகாது. இதனை அறத்தின் ஆட்சி என்று எவர் சொன்னாலும், பகுத்தறிவு உள்ளவன் நம்பமாட்டான்.

இந்தக் கொடுமைக்கு எதிராக 1924இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவரையும் சாதி காட்டித் தடுக்கலாகாது என்றது. அரசாணையும் பிறந்தது. பம்பாயிலே 1923இல் இதே போன்றதொரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. அதை ஏற்று மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்தது. அறிவித்தது; ஆனால் தாழ்த்தப்பட்டவர் எவரும் அந்த நீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்தக் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தார். குளம் தங்கள் தனிச் சொத்து என்று சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்தனர். 10 ஆண்டுகள் நடந்தது வழக்கு. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் சாதி இந்துக்களின் வாதத்தைத் தள்ளுபடி செய்தது.

தீர்மானம் வேறு, நடைமுறை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஏட்டில் எழுதப்பட்ட உரிமை, கேட்பதற்கு ஆள் உள்ள இடத்திலே மட்டும் உயிர் பெறுகிறது. அம்பேத்கர் குளக்கரைக்குச் சென்றபோது நெஞ்சுரத்தோடு சட்டப் படிப்பையும் உடன் கொண்டு சென்றார். நெஞ்சுரம் மட்டும் இருந்திருந்தால் அடியும் உதையுமே மிஞ்சியிருக்கும். சட்ட அறிவு மட்டும் இருந்திருந்தால் நூலகத்திலேயே நாள் கழிந்திருக்கும். இரண்டும் ஒன்றானபோது குளம் திறந்தது.

நீரைத் தொடும் உரிமைக்கு ஒருபுறம் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, மறுபுறம் நீர் நிற்கும் நிலமே சத்தமின்றிச் சுருங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஆறு, ஓடை, ஏரி, கால்வாய் இவற்றின் படுகை யாவும் அரசின் உடைமை என்று அது அறிவித்தது. ஆக்கிரமித்தவனுக்குத் தண்டத் தீர்வை விதிக்கலாம், அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம் என்றது. காகிதத்திலே குறைசொல்ல முடியாத ஏற்பாடு!

நடந்தது என்ன? ஏரியின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் ஒருவன் இரண்டு ஏர் ஓட்டிப் பயிர் வைப்பான். கிராமக் கணக்கிலே ஆக்கிரமிப்பு என்று பதிவாகும். பி-மெமோ என்னும் தண்டச் சீட்டு வரும். அவன் தண்டத்தைக் கட்டுவான். அடுத்த ஆண்டும் பயிர் வைப்பான், அடுத்த ஆண்டும் சீட்டு வரும், கட்டுவான். ஜமாபந்தி தோறும் கணக்குச் சரிபார்க்கப்படும், ஆக்கிரமிப்போ அகற்றப்படாது. ஆண்டுகள் பல சென்றபின், அந்தச் சீட்டுகளையே கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து, "நெடுங்காலமாக அனுபவிக்கிறேன், இதோ அரசு தந்த அத்தாட்சி, பட்டா கொடுங்கள்" என்பான். குற்றத்துக்குத் தந்த தண்டனைச் சீட்டே உரிமைக்குச் சான்றாக மாறும் விந்தை! இதிலே அரசுக்குத் தீர்வை கிடைத்தது, ஆக்கிரமித்தவனுக்கு நிலம் கிடைத்தது. ஏரியை நம்பியிருந்தவனுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதை எதிர்த்து அந்நாளில் வழக்காடியிருக்கலாமே என்பீர்கள். முடியுமா? 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் கேளுங்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்து, பின்னர் ஒரிசாவோடு சேர்ந்துவிட்ட பர்லாகிமிடி ஜமீன். அதன் சிற்றூர்களில் நிலவரியை உயர்த்தி வருவாய் வாரியம் ஆணையிட்டது. கரபந்தோ முதலிய ஊர்களின் குடியானவர்கள் அந்த ஆணையைச் செல்லாதென்று அறிவிக்கும் நீதிப்பேராணை வேண்டி வழக்காடினர். வாரியம் அமர்ந்திருந்ததோ சென்னை நகரிலே. எனினும் பிரிவி கவுன்சில் என்ன சொல்லிற்று? சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய பேராணை வழங்கும் அதிகாரம் பெற்றிருப்பது சென்னை நகர எல்லைக்குள் மட்டுமே. நகருக்கு வெளியேயுள்ள குடியானவனின் இந்த வழக்குக்கு அந்த அதிகாரம் எட்டாது என்றது.

நகரத்தானுக்கு ஒரு நீதி, நாட்டுப்புறத்தானுக்கு ஒரு நீதி! அதிகாரி தவறிழைத்தால் தட்டிக் கேட்கும் கருவி கோட்டைக்கு அருகே வாழ்பவனுக்கு உண்டு. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் கிடையாது. 1950இல் அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவு வந்துதான் இந்தச் சுவரை இடித்தது. மாநிலத்தின் எந்த மூலையில் வாழ்பவனும், எந்த அதிகாரியின் மீதும், உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றாயிற்று. சட்ட மாணவர்கள் அந்தப் பிரிவை எண்ணாக மட்டும் மனப்பாடம் செய்கின்றனர். அது கிடைக்காததால் தோற்றுத் திரும்பிய கரபந்தோ உழவர்களை எண்ணிப் படித்தால் அதன் அருமை தெரியும்.

அதிகாரம் செலுத்துவோர் எந்த எல்லைக்குள் செலுத்த வேண்டும், எந்த முறைப்படி செலுத்த வேண்டும், மீறினால் என்ன பரிகாரம் என்று கூறும் இந்தத் துறைக்கே நிருவாகச் சட்டம் என்று பெயர். அதன் அடித்தளம் இரண்டே விதிகள்: தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகாதே, மறுதரப்பையும் கேளாமல் முடிவு செய்யாதே. எளிய விதிகள்தாம். ஆனால் நாற்காலியில் அமர்ந்தோர் இவற்றை மறக்கும் விரைவு வியப்புக்குரியது.

மற்றொரு துறையான சுற்றுச்சூழல் சட்டம் பின்னர் வந்தது. 1972இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் கூடின. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே 48அ, 51அ என்னும் பிரிவுகள் நுழைந்து, சூழலைக் காப்பது அரசின் நெறி என்றும் குடிமகனின் கடமை என்றும் கூறின. 1984 டிசம்பரில் போபால் நச்சு வாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிணங்களின் மேல் ஏறி நின்ற பிறகே சட்டம் கண் திறந்தது என்பது கசப்பான உண்மை.

தமிழ்நாட்டில் இவ்விரு துறைகளும் ஒன்றாய்க் கைகோத்த இடம் பாலாற்றங்கரை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு வயலையும் கிணற்றையும் பாழாக்கிற்று. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயனற்றுப் போயிற்று என்ற ஆய்வு முடிவு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கிலே, 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு உறுதியாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்; மாசு செய்தவனே ஈடு செய்யட்டும்; தீங்கு இல்லையென்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துவோனுடையது என்ற மூன்று கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. ஆயினும் 2025 ஜனவரியிலும் அதே பாலாற்று மாசுக்காக, அதே உழவர்களின் இழப்பீட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டி வந்தது. 1991இலிருந்து 2025 வரை எண்ணுங்கள். சிறந்த தீர்ப்பைப் பெறுவது பாதி வேலை. அதைச் செயற்படுத்த வைப்பது மறுபாதி. முதற் பாதியைச் சுற்றுச்சூழல் சட்டம் செய்தது. மறுபாதி நிருவாகச் சட்டத்தின் வேலையாக நின்றது.

பாலாற்றை விடுங்கள், நம் விழுப்புரம் மாவட்டத்துக்கு வருவோம். இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே ஓடைப் புறம்போக்கை ஆக்கிரமித்துவிட்டனர் என்று ஊரைச் சேர்ந்த ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். எல். கிருஷ்ணன் எதிர் தமிழ்நாடு அரசு என்பது வழக்கின் பெயர். 2005இல் தீர்ப்பு வந்தது. ஓர் ஓடையின் ஆக்கிரமிப்பை அகற்று என்பதோடு மன்றம் நிற்கவில்லை. மாநிலம் முழுதும் உள்ள இயற்கை நீர்நிலைகளைக் கண்டறிந்து, ஆக்கிரமிப்புகளை அகற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு சிற்றூர் ஓடை தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளுக்கும் வாயாகப் பேசிற்று!

2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பிறந்தது. பொதுப்பணித் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமித்தோரை அறிவிப்புக்குப் பின் வெளியேற்ற வழி வகுத்தது. அந்தச் சட்டமே செல்லாது என்று சிலர் வழக்கிட்டனர். 2010இல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. கூடவே, வெளியேற்றப்படுவோனுக்குத் தன் தரப்பைக் கூறும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் சொல்லிற்று. 2015இல் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, அச்சட்டத்துள் அடங்காத நீர்நிலைகளையும் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று தெளிவாக்கிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவன் யார்? ஊரிலே ஒரு சென்ட் நிலமும் இல்லாதவன். ஊரின் நடுவே வீடு கட்ட இடம் மறுக்கப்பட்டவன். வேறு போக்கிடம் இல்லாமல் கரை ஓரத்திலே ஒதுங்கியவன். ஏரியைக் காக்கிறோம் என்று பொறி இயந்திரம் புறப்பட்டால், அது முதலில் போய் நிற்பது அவன் குடிசை வாசலில்தான். அதே ஏரியிலே எழுந்த கல்யாண மண்டபத்தின் வாசலுக்கு அது எளிதில் போவதில்லை. அரசே கட்டிய கட்டடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் ஏரி நிலத்திலே எழுந்தது; பெருமழை பெய்தால் ஏரி தன் பழைய இடத்தைத் தேடி வந்துவிடுகிறது. சென்னையில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மதுரையிலே உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரி என்னும் ஏரிப் பரப்பிலே அமைந்தது. நீதி வழங்கும் மன்றமே நீர்நிலையின் மேல்!

"அப்படியானால் எல்லாரும் ஆக்கிரமிக்கட்டும் என்கிறாயா?" என்று கேட்பர். இல்லை. ஏரி ஏழைக்கும் வேண்டும். ஏரி அழிந்தால் முதலில் வேலை இழப்பவன் கூலி உழவனே, முதலில் வெள்ளத்தில் மூழ்குவதும் அவன் குடிசையே. ஆகவே ஏரி காக்கப்பட்டே ஆக வேண்டும். ஆனால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். மாற்றிடம் தேட வேண்டும். செல்வாக்குள்ளவனின் மதிற்சுவரும் குடிசையின் ஓலையும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். ஏரியைக் காப்பது சுற்றுச்சூழல் சட்டம் என்றால், அந்தக் காவல் கொடுமையாக மாறாமல் காப்பது நிருவாகச் சட்டம். ஒன்றைப் படித்து மற்றதை விட்டவன் ஒற்றை மாட்டைப் பூட்டி ஏர் ஓட்டப் பார்ப்பவன்.

இந்தப் படிப்பு இன்று எங்கே இருக்கிறது? 1991 நவம்பரிலே உச்ச நீதிமன்றம், பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. அதைச் செயற்படுத்தாமல் காலம் கடத்தியதால் 2003இல் மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. பாடம் கற்பிக்கச் சொன்ன ஆணைக்கே பாடம் கற்பிக்க வேண்டியதாயிற்று! 2008இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் வகுத்த சட்டக் கல்வி விதிகளிலே சுற்றுச்சூழல் சட்டமும் நிருவாகச் சட்டமும் கட்டாயப் பாடங்களாக இடம் பெற்றன. ஆகவே சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் இவ்விரண்டையும் கடந்தே பட்டம் பெறுகிறான்.

அந்த மாணவன் யார் என்பதே இனி எண்ண வேண்டியது. சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தொடங்கிற்று. நெடுங்காலம் அதன் படிகளில் ஏறியோர் நிலமும் சாதியும் செல்வாக்கும் வாய்த்தோரே. கல்லூரிக் கதவைப் பிறர்க்கும் திறந்த வகுப்புரிமை ஆணையை 1951இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது, தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டிலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அரசாணை, தீர்ப்பு, திருத்தம் என்ற மூன்றின் தொடர்பையும் தமிழ் மக்கள் தெருவிலே நின்று படித்த நிருவாகச் சட்டப் பாடம் அது. 1997இல் சட்டத்துக்கென்றே அம்பேத்கர் பெயரால் பல்கலைக் கழகம் எழுந்தது. 2017இல் விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி திறக்கப்பட்டது. செஞ்சியிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பேருந்தில் போய் வரும் தொலைவிலே சட்டப் படிப்பு வந்துவிட்டது.

வந்துவிட்டது என்று மகிழ்ந்து நின்றுவிடலாமா? தேர்வுக்கு முதல் நாள் இரவு வினா விடைக் குறிப்பைப் புரட்டி, ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் என்று எழுதி மதிப்பெண் வாங்கிப் போகும் மாணவன், இலங்காசயர் சுரங்கத்தை அறிவான். கார்வேட்டி நகர் ஏரியை அறியான். இலண்டன் வழக்கைச் சொல்லுவான். தன் ஊர் ஓடையின் சர்வே எண்ணைச் சொல்லான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாடம் அப்படி நடக்கிறது.

ஆகவே, சட்டம் பயிலும் தோழர்களே, உங்கள் ஊரிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். உங்கள் ஊர் ஏரியின் பரப்பு அ-பதிவேட்டில் எவ்வளவு என்று பாருங்கள். புலப்படத்தை வாங்கி, வரத்துக் கால்வாயின் அகலம் ஏட்டில் எத்தனை, நிலத்தில் எத்தனை என்று அளந்து பாருங்கள். ஏரி பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையினுடையதா, ஊராட்சியினுடையதா என்று தெரிந்துகொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டமா 1905ஆம் ஆண்டுச் சட்டமா என்பது அதைப் பொறுத்தது. ஏட்டைக் காட்ட மறுத்தால், கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. தகவல் பெறும் உரிமைக்கு 1997லேயே சட்டம் செய்த மாநிலம் இது. 2005இல் நாட்டளவிலும் அந்த உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது. ஜமாபந்தி நடக்கும் நாளில் மனுவோடு போய் நில்லுங்கள். விடை வரவில்லையானால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லாத ஆணை நீதிமன்றத்தில் நிற்பது அரிது என்பதை அதிகாரியும் அறிவார். நீங்களும் அறிவீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடியும்.

அரசிதழிலே வரும் ஓர் அறிவிப்பு என்ன செய்ய முடியும் என்பதற்குத் திண்டிவனத்தின் கிழக்கே, மரக்காணம் பக்கத்தில் கிடக்கும் கழுவேலி சான்று. நெடுங்காலம் வெற்று உவர்ச் சதுப்பு என்று ஒதுக்கப்பட்ட அந்த நீர்ப்பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை புறம்போக்கு, அறிவிப்புக்குப் பின் காக்கப்பட வேண்டிய இடம். பறவைகளும் மாறவில்லை, நீரும் மாறவில்லை. மாறியது ஏடு ஒன்றுதான். ஏட்டினால் அழிக்கவும் முடியும், ஏட்டினால் காக்கவும் முடியும். ஏடு யார் கையில் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

ஏரி நிரம்ப வேண்டும் என்று வருண பகவானுக்கு யாகம் வளர்ப்போர் இன்றும் உண்டு. மழை வானத்திலிருந்து வருகிறது. மந்திரத்துக்கு அது கட்டுப்படுவதில்லை. பெய்த மழை ஏரிக்கு வந்து சேர்வதும் சேராததும் வரத்துக் கால்வாயைப் பொறுத்தது. கால்வாயை அடைத்தவன் மனிதன்; அடைக்க விட்டவன் அதிகாரி; கேளாமல் இருந்தவர்கள் நாம். நெய்யை நெருப்பிலே ஊற்றிய காசுக்கு ஒரு புலப்படமும் ஒரு மனுத்தாளும் வாங்கியிருந்தால் நீர் வர வழி பிறந்திருக்கும்.

பல்லவன் பெயர் கல்லில் இருக்கிறது. ஏரிக்கு மண் சுமந்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவன் வழிவந்தோரின் பிள்ளைகள் இன்று சட்டக் கல்லூரி வகுப்பறையிலே அமர்ந்திருக்கிறார்கள். பாட்டன் கரையைக் கட்டினான்; பேரன் ஏட்டைத் திறக்கட்டும்.